சின்ன செயற்கைக்கோளுக்குக் காந்தச் சுருள் மட்டும் போதுமா?

கேள்வி: மாணவர்களாகச் சேர்ந்து ஒரு கியூப்சாட் (கனசதுர வடிவச் சின்ன செயற்கைக்கோள்) வடிவமைக்கிறோம். 500 கி.மீ. உயரத்தில் அதன் கேமரா பூமியைப் பார்த்தபடி இருக்க வேண்டும். அதைத் திருப்பக் காந்தச் சுருள்கள் போதுமா, ரியாக்‌ஷன் வீலும் (உள்ளே சுழலும் சக்கரம்) வேண்டுமா?

பதில்: முதலில் கேமராவைப் பாருங்கள். அந்த உயரத்தில் 1 டிகிரி பிசகினால் தரையில் குறி சுமார் 9 கி.மீ. விலகும், 5 டிகிரி என்றால் 44 கி.மீ. ஒரே படத்தில் 200 கி.மீ. அகலம் அடங்கும் என்றால் கவலையில்லை. 20 கி.மீ.தான் என்றால் சுருள் மட்டும் போதாது.

சுருளில் மின்சாரம் பாய்ந்தால், பூமியின் காந்தப்புலம் அதைத் திருப்பப் பார்க்கும். எரிபொருள் வேண்டாம், தேயும் பாகமும் இல்லை. ஆனால் புலத்தின் திசையையே அச்சாக வைத்துத் திருப்ப அதனால் முடியாது. துருவங்களை ஒட்டிய பாதை என்றால் போகப் போகப் புலத்தின் திசை மாறும், விட்டுப்போன அச்சும் கைக்கு வரும். நிலநடுக்கோட்டை ஒட்டிய பாதையில் அந்த வசதி குறைவு.

வீல் ஒரு பக்கம் வேகமெடுத்தால் உடல் மறுபக்கம் திரும்பும். துல்லியம் அபாரம். ஆனால் காற்றின் உராய்வும் சூரிய ஒளியின் அழுத்தமும் தரும் சுழற்சியை அது சேர்த்து வைக்கிறதே தவிர, வெளியே தள்ளுவதில்லை. ஒரு கட்டத்தில் உச்ச வேகத்தைத் தொட்டுவிடும். அதை இறக்கத் திரும்பவும் சுருள்தான் வேண்டும். ஆக, வீல் வைத்தாலும் சுருள் தவிர்க்க முடியாதது. வீல் பழுதாகவும் செய்யும்: கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கியின் நான்கு வீல்களில் இரண்டு 2013 மே மாதத்துக்குள் நின்றுபோய், அதன் மூலத் திட்டமே முடிவுக்கு வந்தது.

சரி, எந்தப் பக்கம் பார்க்கிறோம் என்று எப்படித் தெரியும்? பூமியின் காந்தப்புலத் திசையை அளக்கும் காந்தமானி மட்டும் போதாது, சூரியன் இருக்கும் திசையைக் காட்டும் சூரிய உணரியும் வேண்டும். ஒரே ஒரு திசை தெரிந்தால், அதைச் சுற்றி எவ்வளவு திரும்பியிருக்கிறோம் என்பது தெரியாமலே போகும். பூமியின் நிழலில் சூரிய உணரி குருடு. அந்த அரை மணி நேரத்தை, சுழலும் வேகத்தை அளக்கும் ஜைரோ சமாளிக்க வேண்டும். நட்சத்திரங்களைப் படமெடுத்துத் திசையறியும் ஸ்டார் டிராக்கர் இன்னும் துல்லியமானது, ஆனால் வேகமாகச் சுழலும்போது உதவாது.

கேமரா அகலமானது என்றால், முதல் செயற்கைக்கோளில் வீலே வேண்டாம் என்பேன். அந்த நேரத்தைச் சோதனைக்குச் செலவிடுங்கள். ஒவ்வொரு சுருளின் துருவத்தையும் தரையிலேயே சரிபாருங்கள். ஒரு சுருளின் கூட்டல்-கழித்தல் குறி மாறினாலும் சுழற்சியை அடக்க வேண்டிய நிரல் அதைக் கூட்டிவிடும். 2016-இல் ஜப்பானின் ஹிட்டோமி செயற்கைக்கோள், அதைத் திருப்பும் உந்திகளுக்குத் தவறான அளவுகள் போனதால், வேகமாகச் சுழன்று உடைந்தது. அப்புறம், சுருளை அணைத்து அதன் புலம் அடங்கிய பிறகே காந்தமானியைப் படியுங்கள்.