பேஸ்பால் அம்பயர் வேலை கிரிக்கெட் அம்பயர் வேலையைவிடக் கடினமா?

கேள்வி கேட்டவர் அமெரிக்காவுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது என்கிறார். மகன் பள்ளியில் பேஸ்பால் ஆடுகிறான். 'ஊரில் டென்னிஸ் பந்து கிரிக்கெட்டுக்கு நிறைய அம்பயராக நின்றிருக்கிறேன். இங்கே பள்ளி ஆட்டங்களுக்கு அம்பயர் கிடைக்கவில்லை என்கிறார்கள். நான் போகலாமா? எது கடினம்?' என்பது கேள்வி. நியூ ஜெர்சியில் பதின்மூன்று வருடமாக இந்த வேலையைச் செய்கிறேன். தாராளமாகப் போகலாம். ஆனால் ஊரில் நின்ற அனுபவத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

கிரிக்கெட்டில் அம்பயரிடம் யாராவது கேட்க வேண்டும். பந்து வீசும் அணியில் யாராவது கத்தாதவரை எல்பிடபிள்யூ கொடுக்க முடியாது. பேட்ஸ்மேன் தொடாமல் விட்ட பந்து கீப்பர் கைக்குப் போனால் அம்பயர் மூக்கைச் சொறிந்துகொண்டு நிற்கலாம். பேஸ்பாலில் அப்படி விடப்பட்ட பந்துதான் தலைவலி. அது ஸ்ட்ரைக்கா, பாலா என்று அந்த இடத்திலேயே சொல்லியாக வேண்டும். மூன்று ஸ்ட்ரைக் என்றால் பேட்டர் அவுட். நான்கு பால் என்றால் முதல் பேஸுக்கு, அதாவது ஓடித் தொட வேண்டிய நான்கு மூலைகளில் முதலாவதுக்கு, நடந்து போய்விடுவார். பள்ளி ஆட்டம் ஏழு இன்னிங்ஸ். இரண்டு அணியும் சேர்ந்து சாதாரணமாக இருநூறு பந்துக்கு மேல் வீசுவார்கள், அதில் ஏறக்குறையப் பாதிக்கு மட்டை அசையாது. ஒரு மாலைக்கு நூறு தீர்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். தொண்ணூறு பந்துக்கு அம்பயரே தேவையில்லை, பாட்டிக்கும் தெரியும். மிச்சம் பத்துக்குத்தான் நமக்குக் காசு.

(ஆரம்பத்தில் ஊரிலிருந்த அம்மாவுக்குத் தொலைபேசியில் இதை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பாலு, ஸ்ட்ரைக்கு என்கிறாயே, அங்கே பால்காரர்கள் வேலைநிறுத்தமா?" என்றார்.)

ஸ்ட்ரைக் என்பது ஒரு பெட்டி. கண்ணுக்குத் தெரியாத பெட்டி. தரையில் பதித்திருக்கும் ஹோம் பிளேட்டின் அகலம் 17 அங்குலம். அதற்கு மேலே, பேட்டரின் முழங்காலிலிருந்து தோளுக்கும் இடுப்புக்கும் நடுவில் உள்ள மட்டம் வரை இருக்கும் காற்றுதான் அந்தப் பெட்டி. பந்தின் ஓர் ஓரம் அதை உரசிப் போனாலும் ஸ்ட்ரைக். ஆறடிப் பையனுக்கு ஒரு பெட்டி, அடுத்து வரும் ஐந்தடிப் பையனுக்கு வேறு பெட்டி. பந்து வீசும் பிட்சர் நிற்பது 60 அடி 6 அங்குலத் தொலைவில். நன்றாக வீசும் பள்ளி மாணவனின் பந்து மணிக்கு 75 மைல் வேகத்தில் வருகிறது என்றால், கையைவிட்டு நம்மிடம் வர அரை விநாடி. அதற்குள் கடைசிப் பத்தடியில் வளையவும் செய்யும்.

நிற்க வேண்டிய இடம், கீப்பர் மாதிரி பந்தைப் பிடிக்கும் கேட்சருக்குப் பின்னால், அவர் தலைக்கும் பேட்டருக்கும் இடையில் தெரியும் சந்து. தாடை கேட்சரின் ஹெல்மெட் உச்சிக்குச் சமமாக இருக்க வேண்டும். தலையை அசைக்கக் கூடாது. கண்மணி மட்டும் பந்தோடு கையுறை வரை போக வேண்டும். சொல்வது சுலபம். முதல் வருடம், பேட்டர் மட்டையைச் சுழற்றும்போதெல்லாம் என் கண் தானாக மூடிக்கொண்டது. குளிர்காலத்தில் ஒரு பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் வகுப்பு நடக்கும். அங்கே முகமூடியை மாட்டிவிட்டு எதிரிலிருந்து மென்பந்துகளை முகத்துக்கே எறிவார்கள். இமைக்காமல் இருக்கும் வரை விடமாட்டார்கள். ஐடி வேலைக்கு வந்த நாற்பது வயது மனிதன் இதற்குப் பணம் கட்டிப் போனான் என்பதை என் மனைவி இன்றும் விருந்தாளிகளிடம் சொல்வாள்.

இதற்குள் வந்ததே விபத்து. 2012இல் ஒரு சனிக்கிழமை மகனுடைய லிட்டில் லீக் (சிறுவர் பேஸ்பால்) ஆட்டத்துக்கு அம்பயர் வரவில்லை. லிட்டில் லீக் பெரும்பாலும் தன்னார்வலர்களால் ஓடுவது. பெற்றோரில் யாருக்காவது விதி தெரியுமா என்று கோச் கேட்டார். எல்லோரும் காலணியைப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கினேன். விதி தெரியும் என்று நான் நினைத்தது பாதிக்கு மேல் தவறு என்று மூன்றாவது இன்னிங்ஸில் எனக்கே தெரிந்துபோயிற்று.

இனி, உங்கள் கேள்விக்கு உண்மையான பதில். கடினமானது கண்பார்வை அல்ல, விதியும் அல்ல. பொறுத்திருப்பதுதான் கடினம்.

பள்ளி ஆட்டத்துக்கு வந்த முதல் ஏப்ரலில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பள்ளியின் இரண்டாம் அணி ஆட்டம். விரல் மரத்துப்போகும் குளிர். ஏழாவது இன்னிங்ஸின் கடைசிப் பாதி, ஸ்கோர் சமம், இரண்டு அவுட், மூன்றாம் பேஸில் ஓர் ஆள். நான் முதல் பேஸ் பக்கம் நிற்கிறேன். பந்து தரையோடு, இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப்பிடம் போகிறது. அவன் அழகாக எடுத்து முதல் பேஸுக்கு எறிகிறான். இந்த இடத்தில் கண் பேஸின் மேல் இருக்க வேண்டும், ஓடிவருபவனின் கால் படுவதைப் பார்க்க. பந்தைக் காதால் பிடிக்க வேண்டும். கையுறையில் 'டப்' என்று விழும் சத்தம் முந்தியதா, கால் முந்தியதா என்பதுதான் கணக்கு. 'டப்' முந்திக் கேட்டது. முஷ்டியை உயர்த்தி "அவுட்!" என்று நான் போட்ட சத்தம் பக்கத்துத் தெருவுக்குக் கேட்டிருக்கும். பந்தைத் தடுத்த அணியின் பையன்கள் கூச்சலிட்டுக்கொண்டு தங்கள் கூடாரத்துக்கு ஓடத் தொடங்கினார்கள்.

பந்து முதல் பேஸ்மேனின் இடது காலணிக்குப் பக்கத்தில் புல்லில் கிடந்தது. கையுறையில் விழுந்து நழுவியிருக்கிறது. சத்தத்தைக் கேட்டேன், பிடித்தானா என்று பார்க்கவில்லை.

அந்த ஒரு விநாடி இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. முதல் பேஸ்மேன் என்னையும் பந்தையும் மாறி மாறிப் பார்த்தான். எடுத்து ஒளித்துக்கொள்ளலாமா என்று யோசிக்கும் பதினைந்து வயது முகம். நான் இரண்டு கைகளையும் விரித்து "சேஃப், பந்து தரையில்" என்றேன். மூன்றாம் பேஸிலிருந்தவன் ஏற்கெனவே ஹோமைத் தாண்டியிருந்தான், ஆட்டம் முடிந்தது. தடுத்த அணியின் கோச் வந்தார். "கையைத் தூக்கிவிட்டீர்களே! தூக்கியது தூக்கியதுதானே!" என்றார். அவர் சொன்னதில் நியாயமில்லை, கோபத்தில் நியாயம் இருந்தது. "நான் அவசரப்பட்டேன். ஆனால் பந்து பிடிபடவில்லை" என்றேன். ஏதோ முணுமுணுத்துவிட்டுப் போனார்.

அன்று என்னோடு பிளேட்டுக்குப் பின்னால் நின்றவர் ஓய்வுபெற்ற தபால்காரர், முப்பது வருட அனுபவம். பள்ளி அம்பயர்களுக்கு அறை எதுவும் கிடையாது. கார் டிக்கியைத் திறந்துவைத்து அதில் உட்கார்ந்துதான் காலணி மாற்றுவோம். அவர் முழங்கால் கவசத்தைக் கழற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "அவுட் எங்கேயும் ஓடிப்போய்விடாது. ஒரு மூச்சு விட்டுக் கொடு." அவ்வளவுதான். பிறகு மனைவி கட்டிக்கொடுத்த சாண்ட்விச்சில் பாதியை நீட்டினார்.

பொறுத்திருந்தாலும் தவறு வரும். 2010 ஜூன் 2, டெட்ராய்ட். அர்மாண்டோ கலராகா என்ற பிட்சர் 26 பேரையும் ஒருவர்கூட பேஸ் தொடாமல் அவுட் ஆக்கிவிட்டார். இருபத்தேழாவது ஆளும் அவுட் ஆனால் அது வரலாற்றில் விரல்விட்டு எண்ணக்கூடிய சாதனை. முதல் பேஸில் நின்ற ஜிம் ஜாய்ஸ், அமெரிக்காவின் உச்சத் தொழில்முறைப் போட்டியான மேஜர் லீகில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவர், சேஃப் என்றார். திரையில் பார்த்தால் தெளிவான அவுட். ஆட்டம் முடிந்து வீடியோவைப் பார்த்த ஜாய்ஸ் கண்ணீரோடு கலராகாவிடம் மன்னிப்புக் கேட்டார். மறுநாள் பிளேட்டுக்குப் பின்னால் நின்றவரும் அவரே; அணிப் பட்டியலை அவரிடம் கொண்டுவந்து கொடுக்கக் கலராகாவையே அனுப்பினார்கள். மேஜர் லீகில் 2014 முதல் இப்படிப்பட்ட தீர்ப்பை வீடியோ பார்த்து மாற்றலாம். 2026 முதல் பால், ஸ்ட்ரைக்கையும் கேமராவிடம் முறையிடலாம். பள்ளி மைதானத்தில் கேமரா என்றால் யாரோ ஒரு சித்தப்பாவின் கைப்பேசிதான்; அதை நாம் பார்ப்பதில்லை.

தவறியதைவிட ஆபத்தானது ஒன்று உண்டு: ஈடுகட்டுவது. ஓர் அணிக்கு எதிராகத் தவறாகச் சொல்லிவிட்டோம் என்று தெரிந்ததும், அடுத்த சந்தேகப் பந்தை அவர்களுக்குச் சாதகமாகக் கொடுக்கக் கை அரிக்கும். ஒரே ஒருமுறை செய்தேன். கேட்சருக்கு உடனே புரிந்துவிட்டது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கையுறையைப் பந்து விழுந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு எவ்வளவு அரித்தாலும் செய்ததில்லை.

கேட்சர்களைப் பற்றி ஒரு புராணமே சொல்லலாம். நல்ல கேட்சர் அம்பயரிடம் பேசும்போது தலையைத் திருப்பமாட்டான். திருப்பினால் ஊரே பார்க்கும், சண்டை என்று நினைக்கும். பிட்சரைப் பார்த்தபடியே "அது வெளியிலா, சார்?" என்பான். நாமும் முகமூடிக்குள்ளிருந்தே "ஒரு பந்து அகலம்" என்போம். மட்டையில் உரசிய பந்து கேட்சரின் தொண்டையில் பட்டால், நாம் சின்ன பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு சுத்தமாக இருக்கும் பிளேட்டை மறுபடி துடைப்போம், அவன் மூச்சு வாங்கிக்கொள்ள. நம்மேல் பட்டால் அவன் காரணமே இல்லாமல் பிட்சரிடம் பேசப் போவான். துடைக்கும்போது பின்பக்கம் பார்வையாளர்களை நோக்கி இருக்கக் கூடாது, பிட்சர் பக்கம் முதுகைக் காட்டிக் குனிய வேண்டும் என்பதும் பாடத்தில் உண்டு.

இன்னொரு சங்கடம், ஆள் கணக்கு. மேஜர் லீகில் நான்கு அம்பயர்கள். பள்ளியில் பெரும்பாலும் இரண்டு பேர், பேஸ்களோ நான்கு. முதல் பேஸில் ஆள் இருக்கும்போது பந்து வெளிமைதானத்தில் இரண்டு பேருக்கு நடுவில் போய்விட்டால், உள்ளே நிற்பவர் அடித்தவன் முதல் பேஸைத் தொட்டானா, முன்னால் ஓடுபவன் இரண்டாம் பேஸைத் தொட்டானா என்று இரண்டையும் பார்க்க வேண்டும்; பிளேட்டில் இருப்பவர் முகமூடியைக் கையில் எடுத்துக்கொண்டு மூன்றாம் பேஸை நோக்கி ஓட வேண்டும். 'பந்தில் கண், ஆளின்மேல் ஓரக்கண்' என்பார்கள். எப்படிப் பார்த்தாலும் ஏதோ ஒரு மூலை நம் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கும். அனுபவமுள்ள கோச்சுகளுக்கு அது எந்த மூலை என்பது தெரியும்.

அலுமினியப் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றி நீளமாகச் சொல்ல விருப்பமில்லை. 'கை மட்டையின் ஒரு பகுதி' என்று கத்துவார்கள். அப்படி விதி கிடையாது. தொலைக்காட்சியில் பார்த்த விதியை வைத்து வாதிடுவார்கள். பள்ளி ஆட்டத்துக்கு விதி எழுதுவது இண்டியானாபொலிஸில் இருக்கும் மாநில உயர்நிலைப் பள்ளிச் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பு. பல இடங்களில் வேறுபடும். பிட்சர் பாக் என்னும் தவறைச் செய்தால் மேஜர் லீகில் சில நேரம் ஆட்டம் தொடரலாம். பள்ளியில் அந்த நொடியே பந்து செத்தது. ஒருமுறை ஒரு தகப்பனார் "இது கிரிக்கெட் இல்லை!" என்று கத்தினார். நான் திரும்பவில்லை. இன்னிங்ஸ் மாறும்போது கேட்சர் மெல்ல, "கிரிக்கெட்டில் கேட்சர் உண்டா?" என்று கேட்டான். உண்டு, இரண்டு கையிலும் கையுறை போட்டிருப்பார் என்றேன். "இரண்டிலுமா? அது ஏமாற்று" என்றான்.

பற்றாக்குறை உண்மைதான். 2018-19க்குப் பிறகு மூன்றே வருடத்தில் எல்லா விளையாட்டுகளிலும் சேர்த்து ஏறத்தாழ 50,000 பள்ளி நடுவர்கள் விலகினார்கள் என்று அந்தத் தேசியக் கூட்டமைப்பே சொன்னது. கொரோனா ஒரு காரணம், படிக்கட்டுக்காரர்கள் இன்னொன்று. சில வாரங்களில் இரண்டு பேர் வேலையை ஒருவரே செய்கிறோம்.

நீங்கள் தொடங்குவதானால், உங்கள் பகுதி அம்பயர் சங்கத்தை அணுகுங்கள். வகுப்பு, எழுத்துத் தேர்வு, பிறகு சின்னப் பையன்கள் ஆட்டம். முதல் வருடம் பேஸ்களில் மட்டும் நில்லுங்கள். முகமூடி, மார்புக் கவசம், இரும்பு முனைக் காலணி எல்லாம் சில நூறு டாலர் ஆகும். பழையது கிடைத்தால் வாங்கலாம், அடிவயிற்றுக் கவசத்தை மட்டும் புதிதாக, நல்லதாக வாங்குங்கள். மகளுக்கு ஆர்வம் இருந்தால் அவளையும் அழைத்துவாருங்கள். 2025 ஆகஸ்ட் 9 அன்று மேஜர் லீக் ஆட்டத்தில் நின்ற முதல் பெண் அம்பயர் ஜென் பாவல் எங்கள் நியூ ஜெர்சிக்காரர்தான்.

எங்கள் பக்கத்து வகுப்பு பிப்ரவரியில், உடற்பயிற்சிக் கூடத்தில் நடக்கும். ஸ்வெட்டர் எடுத்துவாருங்கள். ஹீட்டர் வேலை செய்வதில்லை.