வெளிநாட்டு அழைப்பும் இணையமும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கிறேன். ஊரில் அம்மாவிடம் பட்டன் போன்தான். செயலியிலிருந்து அதற்கு இலவசமாகப் பேச முடியாதா?

பதில்: எப்போதும் இலவசமாக என்றால் முடியாது. உங்கள் குரல் இணையத்தில் இந்தியா வரை வந்துசேர ஆகும் செலவு சொற்பம், காசு கரைவது கடைசி அடியில்தான். வெளிநாட்டு அழைப்பை அம்மாவின் போனில் கொண்டுபோய்ச் சேர்க்க இங்குள்ள மொபைல் நிறுவனம் நிமிடக் கணக்கில் வாங்கும், 2020 மே முதல் அது 35 காசிலிருந்து 65 காசுக்குள் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் வரையறுத்தது. செயலிக்காரர் அதை உங்கள் தலையில்தான் வைப்பார். அம்மாவுக்கு ஒரு ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்துவிட்டால் இரண்டு பக்கமும் இணையம், அந்த அடியே கிடையாது. ஊருக்கு வரும்போது பக்கத்தில் உட்கார்ந்து, மணி அடித்ததும் பச்சை வட்டத்தை மேலே தள்ளுவதைப் பத்துத் தடவை பழக்குங்கள். தட்டிப் பார்த்துவிட்டு 'எடுக்கவே மாட்டேங்குது' என்று வைத்துவிடுகிறார்கள்.

கேள்வி: லேண்ட்லைனுக்காவது இலவசம் உண்டா?

பதில்: மேலே சொன்னதேதான்.

கேள்வி: ரொம்ப மலிவாக ஒரு காலிங் கார்டு கிடைத்தது. ஆனால் வீட்டில் ஏதோ இந்திய மொபைல் எண் தெரிகிறதாம்.

பதில்: தூக்கிப் போடுங்கள். பெட்டி நிறையச் சிம்மைச் செருகி, வெளிநாட்டு அழைப்பை உள்ளூர் அழைப்பாக மாற்றிவிடும் கள்ள எக்ஸ்சேஞ்சாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அந்த நிமிடக் கட்டணத்தை ஏய்ப்பதுதான் அவர்கள் லாபம். யார் பேசியது என்ற தடயமே இல்லாமல் போகும், போலீஸ் தேடிப் பிடிக்கும் குற்றம் இது.

கேள்வி: டேட்டா எவ்வளவு தின்னும்?

பதில்: பயப்படாதீர்கள். குரலைச் சுருக்கி அனுப்பும் ஜி.729 என்ற முறையில் குரல் மட்டும் நொடிக்கு 8 கிலோபிட், அதைச் சுமக்கும் விலாசத் தலைப்புகள் 16. கடிதத்தைவிட உறை கனம்! இரண்டு திசையும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 22 எம்பி. வீடியோவை அணைத்துவிடுங்கள், அது வேறு கணக்கு.

கேள்வி: துபாயில் வாட்ஸ்அப் கால் போகவில்லை. இருக்கும் இடத்தை மறைக்கும் விபிஎன் செயலி போடலாமா?

பதில்: வேண்டாம். போடிம் மாதிரி அங்கே அனுமதி பெற்ற செயலி இருக்கிறது.

கேள்வி: எங்கள் அறையில் எட்டுப் பேரும் விபிஎன்தான், ஒருவரையும் பிடித்ததில்லையே?

பதில்: பிடித்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். விபிஎன்னால் ஐபி முகவரியை, அதாவது இணையத்தில் உங்கள் விலாசத்தை, மறைத்துக் குற்றம் செய்தால் அபராதம் மட்டும் 5 லட்சம் திர்ஹாமில் தொடங்குகிறது, சிறையும் உண்டு. ஊரில் கடன் வாங்கி விசா எடுத்துப் போனவர் போன் காசுக்காக இதில் இறங்கலாமா?

கேள்வி: சவூதியில் மட்டும் விடுகிறார்களே?

பதில்: 2017 செப்டம்பரில், விதிகளுக்கு உட்படும் இணைய அழைப்புச் செயலிகளுக்கு இருந்த தடையை அங்கே எடுத்துவிட்டார்கள். துபாயில் வாட்ஸ்அப் அழைப்புக்கான தடையை எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பிலேயே குரல் பதிவு அங்கும் போகும். ராத்திரி ஷிப்ட் முடிந்து இரண்டு நிமிடம் பேசி அனுப்புங்கள், வீட்டில் காலையில் கேட்டுக்கொள்வார்கள்.