கேளுங்கள், சொல்கிறோம்: மொட்டைமாடி வானமும் பல்லாவரத்துக் கல்லும்

கேள்வி: எங்கள் குடியிருப்பில் 40 குடும்பங்கள். பிள்ளைகளுக்காக மொட்டைமாடியில் ஒரு விண்மீன் இரவு நடத்த ஆசை. சங்கப் பணத்தில் தொலைநோக்கி வாங்கலாமா? சென்னை வானத்தில் என்னதான் தெரியும்?
– சங்கச் செயலாளர், வேளச்சேரி

தொலைநோக்கி வேண்டாம். ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றாலும் 40 பேருக்கு 80 நிமிடம் ஆகும். வரிசையில் நிற்கும் பிள்ளை பத்தாவது நிமிடமே கீழே ஓடிவிடும். ஒன்றிரண்டு 7x50 பைனாகுலர் (ஏழு மடங்கு பெரிதாகக் காட்டும், முன் கண்ணாடி 50 மில்லிமீட்டர்) போதும். 10x50 இன்னும் பெரிதாகக் காட்டும்தான், ஆனால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். நாற்காலியில் உட்கார்ந்து, முன்னால் இருக்கும் நாற்காலியின் முதுகில் முழங்கையை ஊன்றிப் பார்க்கட்டும். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பார்ப்பது வேண்டவே வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகையில் மேகம் விடாது. பிப்ரவரியில் வளர்பிறை சதுர்த்தி அல்லது பஞ்சமி நாளாகப் பார்த்து வையுங்கள். ஏழு மணிக்கு நிலவின் குழிகளைக் காட்டலாம், எட்டு மணிக்கு விண்மீன்களுக்குப் போகலாம். மாடி விளக்கு, படிக்கட்டு விளக்கு, தண்ணீர்த் தொட்டி விளக்கு எல்லாவற்றையும் முன்கூட்டியே அணையுங்கள். கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். யாராவது ஒருவர் செல்போனைத் திறந்தால் எல்லாருக்கும் அந்தக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித் தாளை மூன்று மடிப்பாகச் சுற்றுங்கள். ஒரு மடிப்பு என்றால் வெள்ளை கசியும். பச்சை லேசர் கொண்டு வருபவரைத் தடுத்துவிடுங்கள். விமானம் தாழப் பறக்கும் ஊர் இது, விமானியின் கண் கூசும்.

திசை காட்ட முஷ்டி போதும். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 பாகை. சென்னையில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து 13 பாகைதான், ஒன்றே கால் முஷ்டி. எதிர் அடுக்ககம் மறைத்திருந்தால் தேடி நேரம் கழிக்காதீர்கள். தெற்கே இரண்டரை முஷ்டி உயரத்தில் அகத்தியர் விண்மீன் தெரியும்.

இனி முக்கியமான விளையாட்டு. வந்தவர்களின் வயதைக் கேட்டு, அந்த வயதுக்கு ஏற்ற விண்மீனைக் காட்டுங்கள். ஒளி ஓர் ஆண்டில் கடக்கும் தூரமே ஒளியாண்டு. சிரியஸ் 8.6 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை பிறந்தபோது கிளம்பிய ஒளி இப்போதுதான் வந்து சேர்கிறது. புரோசியான் 11.5. புனர்பூசத்தின் இரண்டில் போலக்ஸ் 34, காஸ்டர் 51. காப்பெல்லா 43. ரோகிணி சுமார் 65. கிழக்கே இரண்டு முஷ்டி உயரத்தில் மகம், 79. பிப்ரவரி எட்டு மணிக்கு இத்தனையும் வானத்தில் இருக்கும். தாத்தா பாட்டிகளுக்கு நட்சத்திரப் பெயர்கள் ஏற்கெனவே மனப்பாடம், அதனால் பாடம் நடத்தும் வேலையை அவர்களிடமே விட்டுவிடலாம். கார்த்திகைக் கூட்டத்தின் ஒளி சுமார் 440 ஆண்டு பழையது. அது புறப்பட்டபோது இங்கே ஜார்ஜ் கோட்டை இல்லை. மிருகசீரிடத்துக்குக் கீழே உள்ள வேட்டைக்காரனின் (ஓரியன்) வாளில் பைனாகுலரில் புகைபோலத் தெரியும் நெபுலா, அதாவது வாயுவும் தூசும் சேர்ந்த மேகம், சுமார் 1,350 ஒளியாண்டு. அதாவது பல்லவர் காலம்.

ஒளியாண்டு என்பது தூரம், காலம் அல்ல. இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பல்லாவரம் மலைப்பாறைக்கு 250 கோடி ஆண்டு வயது என்கிறார்கள். இதை ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எப்படிப் புரியவைப்பது?
– ஆசிரியை, குரோம்பேட்டை

46 மீட்டர் கயிறு வாங்குங்கள். பூமியின் வயது 460 கோடி ஆண்டு. 1 மீட்டர் என்றால் 10 கோடி, 1 சென்டிமீட்டர் 10 லட்சம், 1 மில்லிமீட்டர் 1 லட்சம். நைலான் இழுத்தால் நீளும், பருத்திக் கயிறே நல்லது. மைதானம் சிறியதா? வளைத்து வளைத்துப் போடுங்கள்.

பூமி பிறந்த முனையிலிருந்து தொடங்குவதுதான் பலர் செய்யும் பிழை. முதல் 20 மீட்டருக்குள் பிள்ளைகள் சலித்துவிடுவார்கள். இன்றைய முனையிலிருந்து நடக்கவிடுங்கள். நம் மனித இனம் 3 மில்லிமீட்டர். கொசஸ்தலையாற்றுப் பள்ளத்தாக்கில் அதிரம்பாக்கத்துக் கற்கருவிகள் 1.5 சென்டிமீட்டர். திண்டிவனத்தை அடுத்த திருவக்கரையின் கல்மரங்கள் 20 சென்டிமீட்டர். டைனோசர்கள் அழிந்தது 66 சென்டிமீட்டரில். அதன்பின் 25 மீட்டர் வரை நடந்தால்தான் பல்லாவரம் வரும். குறி வைக்கத் துணி கிளிப் பயன்படுத்தாதீர்கள், ஒரு கிளிப்பின் அகலமே 10 லட்சம் ஆண்டை விழுங்கிவிடும். முனையில் காகிதப் பட்டை ஒட்டிப் பென்சிலால் கோடு போடுங்கள்.

இணையத்தில் 2.5 பில்லியன் என்றிருக்கும். அது 250 கோடி, 25 கோடி அல்ல.

கையில் கொடுக்கவும் ஒரு கல் வேண்டும். அந்தப் பாறையின் பெயர் சார்னோகைட். கல்கத்தாவில் உள்ள கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த வகை என்பதால் புவியியலாளர் தாமஸ் ஹாலந்து 1893-ல் வைத்த பெயர். புதிதாக உடைத்த முகத்தில் எண்ணெய் தடவினாற்போல் மினுக்கும், குவார்ட்ஸ் நீலச் சாயலில் இருக்கும். வெயில்பட்ட பழைய முகத்தில் இது தெரியாது. அதே பல்லாவரத்தில்தான் 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபுட் கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தார். ஆனால் கோடரி குவார்ட்சைட் கல்லில் செய்தது, சார்னோகைட் அல்ல. பிள்ளைகள் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள்.

கேள்வி: கடற்கரையை ஒட்டிய எங்கள் தெருவில் விளக்கு மாற்றப் போகிறோம். ஆமைக்குஞ்சுகளுக்குக் கெடுதல் வராதபடி எது போடலாம்?
– வாசகர், பெசன்ட் நகர்

பங்குனி ஆமைக் குஞ்சு வெளிச்சமான அடிவானத்தை நோக்கி ஊரும். இயற்கையில் அது கடல். தெருவிளக்கு அதைவிட வெளிச்சமாக இருந்தால் சாலைக்கு வந்துவிடும். அம்பர் நிற விளக்கு, மேலும் பக்கமும் மூடிய கூடு, தாழ்ந்த கம்பம் போதும். கடலைப் பார்த்த விளக்குகளை ஜனவரி முதல் மே வரை இரவில் அணைத்தே வையுங்கள். பழைய சோடியம் விளக்கின் அதே வாட்டில் எல்இடி வாங்கிவிடாதீர்கள், வெளிச்சம் கூடிவிடும். பெட்டியில் லூமென் எண்ணை (வெளிச்சத்தின் அளவு) பாருங்கள். வெள்ளை எல்இடியில் உள்ள நீல ஒளி காற்றில் அதிகம் சிதறி வானத்தையும் வெளுக்கவைக்கும்.

கேள்வி: சென்னையில் பால்வெளி தெரியுமா?
– மாணவி, பெரம்பூர்

தெரியாது, ஊர் வெளிச்சம் மறைத்துவிடும். 1792-ல் நுங்கம்பாக்கத்தில் வான் ஆய்வகம் இருந்தது. 1861-ல் வானியலாளர் போக்சன் அங்கிருந்துதான் ஏசியா என்ற குறுங்கோளைக் கண்டுபிடித்தார். இன்றைய ஆய்வகமோ 200 கிலோமீட்டருக்கு அப்பால், ஜவ்வாது மலையில் காவலூரில். அந்தப் பக்கம் போவதென்றால் அமாவாசையை ஒட்டி மார்ச்சில், அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து தெற்கே கேட்டையைத் தேடுங்கள். அதன் இடப்பக்கம் மேகம் போல நகராமல் நிற்பதுதான் பால்வெளி.