புது மாத்திரை வரும் வரை ஐ.சி.டி.யைத் தள்ளிப்போடலாமா?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் இருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 58 வயது. ஆறு மாதம் முன்பு மாரடைப்பு வந்தது. மாத்திரைகள் தவறாமல் சாப்பிட்டும் எக்கோ ஸ்கேனில் இதயத்தின் பம்பிங் 30 சதவீதம்தான். கோயம்புத்தூர் டாக்டர் ஐ.சி.டி. வைக்கச் சொல்கிறார், அதாவது ஷாக் கொடுத்துத் துடிப்பைச் சரிசெய்யும், உடலுக்குள் வைக்கும் கருவி. ஆபத்தான துடிப்புக் கோளாறைத் தடுக்கப் புது மருந்து வருகிறதாமே, அதுவரை பொறுக்கலாமா?

பதில்: பொறுக்க வேண்டாம். மாரடைப்பில் செத்த தசை தழும்பாகிவிடும். மின்னோட்டம் அந்தத் தழும்பைச் சுற்றிச் சுழல ஆரம்பித்தால் இதயத்தின் கீழறைகள் சுருங்காமல் வெறுமனே நடுங்கும். சில நிமிடங்களில் உயிர் போய்விடும். ஐ.சி.டி. அதைக் கண்டுகொண்டு சில நொடிகளிலேயே ஷாக் கொடுக்கும்.

இதை மருந்தால் தடுப்பது ஏன் இவ்வளவு கஷ்டம்? இதயச் செல்லில் சோடியம், பொட்டாசியம் போய்வரும் வழிகளைத்தான் மருந்து அடைக்கிறது, நல்ல துடிப்பும் அதே வழிகளில்தான் நடக்கிறது. அதனால் மருந்தே புதுக் கோளாறைக் கிளப்பிவிடலாம். காஸ்ட் என்ற ஆய்வில் மாரடைப்பு வந்தவர்களுக்கு என்கெய்னைடு அல்லது ஃபிளெகெய்னைடு கொடுத்தார்கள். அந்த மருந்துகளில் தப்புத் துடிப்புகள் நன்றாக அடங்கிய நோயாளிகள்தான் அவர்கள். ஆனால் சராசரியாகப் பத்தே மாதத்தில், மருந்து சாப்பிட்ட 755 பேரில் 63 பேர் இறந்துபோனார்கள். மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்ட 743 பேரில் இறந்தவர்கள் 26 பேர். இ.சி.ஜி. அழகாக இருந்தால் போதாது என்பதை எங்கள் இதய மருத்துவத் துறை அப்படித்தான் கற்றுக்கொண்டது, அதுவும் நோயாளிகளின் உயிரை விலையாகக் கொடுத்து. இன்று புது மருந்துகள் இதயத்தின் மின்னோட்டத்தைக் கெடுக்கின்றனவா என்று முதலிலேயே சோதிக்கிறார்கள். இதயச் செல்லுக்குள் கால்சியம் கசிவதை அடைக்கும் மருந்துக்கான முயற்சிகளும் நடக்கின்றன. எனக்கு அதில் நிஜமான நம்பிக்கை உண்டு. ஆனால் உங்கள் அப்பா அதற்காகக் காத்திருக்க முடியாது.

துடிப்புக் கோளாறுக்கு இப்போதே இருக்கும் அமியோடரோன் மாத்திரை போதாதா என்று கேட்பீர்கள். பம்பிங் 35 சதவீதமோ அதற்குக் குறைவோ உள்ள 2,521 பேரிடம் நடந்த ஆய்வு 2005-ல் வெளியானது. அதில் ஐ.சி.டி. மரண அபாயத்தை 23 சதவீதம் குறைத்தது, அமியோடரோன் குறைக்கவில்லை. மெட்டோபுரோலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரை திடீர் மரணத்தைக் குறைக்கும். எழுதிக் கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அப்புறம், எல்லைப் பக்கம் இருப்பதால் ஒன்று. காய்ச்சலுக்குப் பக்கத்துச் சித்தூரில் காட்டுவீர்கள், இதயத்துக்குக் கோயம்புத்தூர் போவீர்கள். ஒருவர் எழுதிய சீட்டு மற்றவருக்குத் தெரியாது. சளிக்கு எழுதும் அசித்ரோமைசின்கூட, அமியோடரோனோடு சேர்ந்தால் துடிப்பைக் கெடுக்கலாம். வாந்தி, வயிற்றுப்போக்கில் பொட்டாசியம் இறங்கினால் ஆபத்து இன்னும் கூடும். எல்லா மாத்திரைப் பெயரையும் ஒரே தாளில் எழுதி அப்பாவின் சட்டைப் பையில் வையுங்கள். மெடிக்கல் ஷாப்பிலும் அதைக் காட்டித்தான் மருந்து வாங்க வேண்டும்.