பருத்திப்பால் குடிக்கலாமா?

கேள்வி: எங்கள் காட்டில் பி.டி. பருத்திதான். புழு தின்றால் செத்துப்போகும் என்று சொல்லித்தான் விதை விற்கிறார்கள். அந்தக் கொட்டையில் பால் எடுத்துப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா? விஷமுள்ள செடி என்றால், போன வருடம் காய்க்குள் சிவப்புப் புழு எப்படி வந்தது?
– வாசகி, பெரம்பலூர் மாவட்டம்

பதில்: முதலில் பாலைப் பார்ப்போம், அம்மா. பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற மண் பாக்டீரியாவின் மரபணுவைச் செடியில் சேர்த்திருக்கிறார்கள். பி.டி. என்பது அதன் சுருக்கம். அது உண்டாக்கும் கிரை புரதம் கண்டதையெல்லாம் கொல்லும் விஷமல்ல. காய்ப்புழுவின் குடலில் காரத்தன்மை (அமிலத்துக்கு நேர் எதிர்) அதிகம். அந்தக் காரத்தில் கரைந்து, குடல் நொதிகள் வெட்டிக் குறுக்கிய பிறகுதான் அதற்கு வேகம் வரும். அப்புறமும் குடல் சுவரில் தனக்கென்று உள்ள ஏற்பியில், பூட்டில் சாவி போல, பொருந்த வேண்டும். பொருந்தினால் செல்லில் ஓட்டை விழும், குடல் சிதையும், புழு தீனியை நிறுத்திவிட்டுச் சில நாளில் சாகும். நம் வயிற்றில் இருப்பதோ அமிலம். அந்தப் பூட்டும் நமக்குக் கிடையாது. போதாததற்கு, நீங்கள் பாலைக் கொதிக்கக் காய்ச்சுகிறீர்கள்.

எனக்குப் பயம் வேறு இடத்தில். விதைத்தது போக பாக்கெட்டில் மிஞ்சிய விதையைப் பாலுக்கு ஊறப் போட்டுவிடாதீர்கள். அது பூச்சிமருந்தில் நேர்த்தி செய்த விதை. சாயம் பூசியிருப்பதைப் பார்த்தாலே தெரியும். கழுவினால் சரியாகிவிடும் என்ற கதையெல்லாம் வேண்டாம். இன்னொன்று, பி.டி.யோ இல்லையோ, கோசிபால் என்ற நச்சு பருத்திக்கொட்டையில் இயல்பாகவே உண்டு. இளங்கன்றுக்குப் பருத்திப் புண்ணாக்கு ஆகாது என்பது அதனால்தான்.

இனி புழு. 2002இல் வந்த விதையில் கிரை1ஏசி என்ற ஒரு கிரை புரதம் மட்டும்தான். 2006இல் கிரை2ஏபி என்ற இரண்டாவது புரதமும் சேர்ந்தது. சிவப்புக் காய்ப்புழு முதல் புரதத்துக்குத் தப்பிவிட்டது என்று 2010இலேயே குஜராத்தில் இருந்து செய்தி வந்தது; பின்னால் இரண்டுக்குமே தப்பியது. ஏற்பி மாறிப்போன புழு பிழைத்துப் பெருகிவிட்டது, அவ்வளவுதான். பச்சைக் காய்ப்புழு துவரை, கொண்டைக்கடலை, தக்காளி என்று எல்லாவற்றையும் மேயும். அங்கே பி.டி. படாமல் வளர்ந்த புழுக்களோடு கலப்பதால் எதிர்ப்பு சீக்கிரம் பரவாது. சிவப்புப் புழுவுக்குப் பருத்தியை விட்டால் போக்கிடம் குறைவு. அதுவும் பி.டி. படாத புழுவோடு கலக்கட்டும் என்றுதான் 450 கிராம் பாக்கெட்டோடு பி.டி. அல்லாத விதை 120 கிராம் தனியாகக் கொடுத்தார்கள், வயலைச் சுற்றி விதைக்க. நான் போன ஊர்களில் அந்தச் சின்னப் பொட்டலம் பிரிக்காமலே திண்ணையில் கிடக்கும். குற்றம் சொல்ல மாட்டேன்; புழு தின்னட்டும் என்று ஐந்து வரிசை விட யாருக்கு மனசு வரும்?

இந்த வருடம் பூக்கும் முன்பே இனக்கவர்ச்சிப் பொறி (ஆண் அந்துப்பூச்சியை வாசனை காட்டி இழுத்துப் பிடிப்பது) வையுங்கள். இதழ் விரியாமல் சுருண்டு நிற்கும் பூவைக் கண்டால் கிள்ளி அழித்துவிடுங்கள், உள்ளே புழு இருக்கும். அறுவடை முடிந்ததும் பருத்திமாரை, அதாவது காய்ந்த செடியை, அடுப்புக்கென்று வரப்பில் அடுக்கி வைக்காதீர்கள். அதில் ஒட்டியிருக்கும் வெடிக்காத காய்க்குள் புழு அடுத்த விதைப்பு வரை உறங்கிக் கிடக்கும்.