கேள்வி – பதில்: விட்டுக்கொடுப்பவர் ஏமாளியா?

ஒத்துப்போனால் இருவருக்கும் நல்லது என்று தெரிந்தும் ஏன் ஒருவரையொருவர் கவிழ்க்கப் பார்க்கிறோம்?
- வாசகர், திருச்சி

குணக்கேடு இல்லாதவர்களுக்கும் இது நடக்கும். 1950-இல் அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனத்தில் மெரில் ஃபிளட், மெல்வின் டிரெஷர் உருவாக்கிய ஆட்டம், 'கைதிகளின் சிக்கல்' என்று பின்னர் பெயர் பெற்றது. இருவர், மற்றவர் முடிவு தெரியாமலே, ஒத்துழைப்பதா ஏமாற்றுவதா என்று தேர்ந்தெடுக்க வேண்டும். புள்ளிகளை இப்படி வைப்போம்: இருவரும் ஒத்துழைத்தால் ஆளுக்கு 3. இருவரும் ஏமாற்றினால் ஆளுக்கு 1. ஒருவர் மட்டும் ஏமாற்றினால் அவருக்கு 5, நம்பியவருக்கு 0. எதிராளி ஒத்துழைத்தால், ஏமாற்றுகிற உங்களுக்கு 3-க்குப் பதில் 5. அவர் ஏமாற்றினால் 0-க்குப் பதில் 1. எப்படிப் பார்த்தாலும் ஏமாற்றுவதே லாபம். அவரும் இதே கணக்கைத்தான் போடுவார். முடிவில் ஆளுக்கு 1-தான் மிஞ்சும்.

பிறகு ஒத்துழைப்பு எப்படித்தான் வருகிறது?
- வாசகி, கோவை

அதே ஆளிடம் மறுபடி போய் நிற்க வேண்டியிருப்பதால். அமெரிக்க அரசியல் அறிஞர் ராபர்ட் ஆக்சல்ராட், இதே ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடவைத்து நடத்திய முதல் கணினிப் போட்டிக்கு 14 நிரல்கள் வந்தன. ஒவ்வொரு மோதலும் 200 சுற்று. வென்றது அனடோல் ராப்பபோர்ட் அனுப்பிய 'டிட் ஃபார் டாட்', அதாவது 'பதிலுக்குப் பதில்'. முதல் சுற்றில் ஒத்துழைக்கும். பிறகு எதிராளி கடைசியாகச் செய்ததையே திருப்பிச் செய்யும், அவ்வளவுதான். முடிவு வெளியான பிறகு நடந்த இரண்டாம் போட்டியில் 62 நிரல்கள் மோதின; அப்போதும் அதுவே முதலிடம். இத்தனைக்கும் அது எந்த எதிராளியையும் தனியே தோற்கடிக்கவே முடியாது. மற்றவர்களை ஒத்துழைக்க வைத்தே புள்ளி சேர்த்தது. என்னைக் கேட்டால், இந்தத் துறையிலேயே அழகான முடிவு இதுதான்.

ஆனால் கடைசிச் சுற்று எது என்று இருவருக்கும் தெரிந்துவிட்டால் அதில் ஏமாற்றத் தோன்றும். அதனால் அதற்கு முந்தையதிலும். இப்படியே பின்னோக்கி அரித்துக்கொண்டு வரும். கூட்டுத் தொழிலில் பிரியும் தேதியை முன்கூட்டியே சொல்வதில் உள்ள ஆபத்து இதுவே.

பதிலுக்குப் பதில் என்றே போனால் சண்டை ஓயாதே?
- வாசகர், மதுரை

உண்மைதான். நல்லெண்ணத்தோடு செய்ததை ஒரே ஒருமுறை தவறாகப் புரிந்துகொண்டால் போதும்: இன்று இவர், நாளை அவர் என்று மாறி மாறி அடி விழும், சராசரி 3-லிருந்து 2.5-க்கு இறங்கும். இன்னொரு பிழை நேர்ந்தால் இருவரும் 1-இலேயே முடங்கவும் கூடும். 1992-இல் மார்ட்டின் நோவாக், கார்ல் சிக்மண்ட் காட்டிய வழி, அவ்வப்போது மன்னிப்பது. இந்தப் புள்ளிகளுக்கு, ஏமாற்றப்படும் தடவைகளில் மூன்றில் ஒரு பங்கு. முறை வைத்து மன்னிக்கக் கூடாது. எப்போது மன்னிப்பீர்கள் என்று எதிராளிக்குத் தெரியவே கூடாது.

ஏன் மூன்றில் ஒன்று? ஒருமுறை ஏமாற்றுபவருக்கு 2 புள்ளி கூடுதல். அடுத்த சுற்றில் அவர் இறங்கிவந்தாலும் மூன்றில் இரண்டு வாய்ப்பில் 3-க்குப் பதில் 0 வாங்குவார். சராசரி இழப்பு 2. வரவும் செலவும் சரி. பாதிக்குப் பாதி மன்னித்தால் இழப்பு 1.5-தான், ஏமாற்றுவது லாபமாகிவிடும்.