முளையில் தெரிவது – கடிதம்

அன்புள்ள ஐயா,

டாலஸ் நகரின் புறநகர் ஒன்றில் பதினோரு ஆண்டுகளாக வசிக்கிறேன். அமெரிக்கக் கால்பந்தில் எனக்குப் பெரிய ஆர்வம் எதுவும் இருந்ததில்லை. என் மகள் பள்ளியின் அணிவகுப்பு இசைக்குழுவில் கிளாரினெட் வாசிக்கிறாள். இடைவேளையில் அவர்கள் வாசிக்கும் சில நிமிடங்களுக்காக, வெள்ளிக்கிழமைதோறும் மூன்று மணி நேரம் ஆட்டத்தையும் பார்த்தாக வேண்டியிருக்கிறது.

பள்ளி அணியில் எங்கள் தெருப் பையன் ஒருவன் இருக்கிறான். ஆறடி ஐந்து அங்குலம். கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்தவன், சென்ற ஆண்டுதான் கால்பந்துக்கு வந்தான். எதிரணியைத் தடுக்கும் முன்வரிசையில் நிற்கிறான். அவன் ஆட்டம் மோசம் என்பது எனக்கே தெரிகிறது. பந்து அசையும் முன்பே நகர்ந்து அபராதம் வாங்கித் தருகிறான்; யாரைத் தடுப்பது என்று தெரியாமல் திரும்பிப் பார்க்கிறான். அவனுக்கு ஒரு பெரிய பல்கலைக்கழகம் முழு உதவித்தொகை தருவதாகச் சொல்லியிருக்கிறது. அதே அணியில் பந்தை ஏந்தி ஓடும் பையன் ஐந்தடி எட்டங்குலம். பள்ளியின் பழைய சாதனைகளையெல்லாம் உடைத்தவன். அவன் வீட்டுக் கதவை ஒருவரும் தட்டவில்லை.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள். இங்கே முளைத்து நிற்பவனை விட்டுவிட்டு, முளைக்காதவனை எடுத்துப் போகிறார்கள். இது என்ன கணக்கு? அயோவாவில் நீங்கள் இருந்த காலத்தைப் பற்றி எழுதியபோது ஓய்வுபெற்ற பயிற்சியாளர் ஒருவரைக் குறிப்பிட்டிருந்தீர்கள். அதனால் கேட்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் பந்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். டிக்கெட் வாங்கி உட்காருகிற எல்லோரும் அதைத்தான் செய்கிறோம். உங்கள் தெருப் பையனைப் பார்க்க வந்த பல்கலைக்கழகத்து ஆளிடம் பந்து எந்தப் பக்கம் போனது என்று கேட்டிருந்தால் விழித்திருப்பார்.

என் அயோவா நண்பர் முப்பது ஆண்டுகள் முன்வரிசை ஆட்டக்காரர்களுக்குப் பயிற்சி தந்தவர். பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வார். குளிர்காலத்தில் வாசல் பனியை வாரி முடித்த பிறகு அவர் வீட்டில் காப்பி கிடைக்கும். (காப்பி என்று அவர்கள் சொல்வது வேறு பானம், அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.) தொலைக்காட்சியில் எந்நேரமும் ஏதாவது ஒரு பள்ளிப் பையனின் ஆட்டப் பதிவு ஓடிக்கொண்டிருக்கும். பழைய சகாக்கள் அனுப்பி அவரிடம் கருத்துக் கேட்பார்கள்.

ஒரு நாள் அப்படி ஒரு பதிவில், முன்வரிசைப் பையன் ஒருவனை எதிராளி ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு உள்ளே புகுந்து, பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக்கைக் கீழே சாய்த்துவிட்டான். தோற்றுவிட்டான் என்றேன். நண்பர் சிரித்துக்கொண்டே பின்னால் ஓட்டினார். மறுபடியும் ஓட்டினார். ஏழெட்டு முறை ஆன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. தள்ளப்பட்ட நேரத்தில் பையனின் வலது கால் தரையில் இல்லை. உடம்பு முழுக்க இடப்பக்கம் சரிந்திருக்கிறது. மல்லாந்து விழ வேண்டியவன். அந்தக் கால் எங்கிருந்தோ வந்து சரியாக இடுப்புக்குக் கீழே ஊன்றுகிறது, முழங்கால் மடிகிறது, அடுத்த எட்டில் அவன் எதிராளியைத் துரத்திக்கொண்டு ஓடுகிறான். முக்கால் விநாடி இருக்கும். “தடுப்பது எப்படி என்று நான் சொல்லிக்கொடுத்துவிடுவேன். இதைச் சொல்லிக்கொடுக்க எனக்குத் தெரியாது” என்றார்.

பழமொழியில் பிழையில்லை, எஸ். முளை என்று எதைச் சொல்கிறோம் என்பதில்தான் சிக்கல். கையை எதிராளியின் மார்பில் எங்கே வைப்பது, எப்படிக் குந்தி நிற்பது, எந்த உத்திக்கு யாரைத் தடுப்பது, இவையெல்லாம் கற்றுத் தரக்கூடியவை. எடையைக்கூட ஏற்றிவிடலாம், 240 பவுண்டுப் பையனை இரண்டு மூன்று ஆண்டுகளில் 300 பவுண்டாக்கும் சமையற்கூடமும் எடைப்பயிற்சிக் கூடமும் அங்கே உண்டு. கை நீளத்தை ஏற்ற முடியாது. கணுக்கால் மடியும் விதம், இடுப்பு திரும்பும் வேகம், சரிந்த உடம்பை நிமிர்த்தும் அந்த ஒரு எட்டு, இவை வரும்போதே வர வேண்டும். ஆகவே ஆள் தேடும் பல்கலைக்கழகத்துக்காரர்கள் கூடைப்பந்து ஆட்டத்துக்கும் போய் உட்காருவார்கள். எகிறிப் பந்தைப் பிடித்து இறங்கியவன் உடனே மறுபடி எகிறுகிறானா என்று பார்ப்பார்கள். மல்யுத்தமும் குண்டெறிதலும் அவர்களுக்குப் பிடித்தமானவை. இன்று தம்பா பே தொழில்முறை அணியின் பெரிய பெயரான டிரிஸ்டன் வர்ஃப்ஸ், அயோவாவின் மவுண்ட் வெர்னன் என்ற சிற்றூர்ப் பள்ளியில் குண்டெறிதல், வட்டெறிதல், மல்யுத்தம் மூன்றிலும் மாநில வெற்றியாளர். மல்யுத்தத்தின் உச்ச எடையான 285 பவுண்டுக்குள் வருவதற்காக உடம்பைக் குறைத்தவர்.

நண்பர் இன்னொன்றும் கேட்பார்: பையன் எந்த மாதம் பிறந்தவன்? ஒரே வகுப்பில் பதினொரு மாதம் மூத்தவனும் இருப்பான், இளையவனும் இருப்பான். பதினாறு வயதில் அது சிறிய வித்தியாசமில்லை. பெற்றோர் வாசலுக்கு வந்தால் அவர்களுடைய உயரத்தையும் மணிக்கட்டையும் பார்த்துக்கொள்வார். சந்தையில் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்ப்பதுபோல இருக்கிறதே என்று ஒருமுறை சொன்னேன். மறுக்கவில்லை. அந்தக் கசப்பு எனக்கு இன்னும் இருக்கிறது.

ஆனால் உடம்பு பாதிக் கதைதான். மீதியை ஒரு ஜூன் மாத முகாமில் பார்த்தேன். கோடையில் பல்கலைக்கழகங்கள் பள்ளி மாணவர்களை அழைத்து முகாம் நடத்தும். பெயர் பயிற்சி, நடப்பது தேர்வு. எட்டுப் பேர் கொண்ட அணிகள் ஆடும் ஒரு பண்ணை ஊரிலிருந்து நெடிய பையன் ஒருவன் கூடைப்பந்துக் காலணியோடு வந்திருந்தான். குவாட்டர்பேக்கைக் காக்கும் ‘டேக்கிள்’ பின்னோக்கிச் சறுக்கிச் செல்ல வேண்டும். வெளிக்கால் முதலில் பின்னால் போகும், உள்கால் அதைத் தொடரும். கால்கள் பின்னிக்கொள்ளக் கூடாது, நாற்காலியில் உட்கார்ந்தபடியே பின்னால் போவதுபோல இடுப்பு தாழ்ந்திருக்க வேண்டும். பையன் காலைப் பின்னிக்கொண்டு பொத்தென்று உட்கார்ந்தான். மற்றவர்கள் சிரித்தார்கள். பயிற்சியாளர் புல்லில் மண்டியிட்டு அவன் இடது பாதத்தைக் கையால் பிடித்து நகர்த்திக் காட்டினார்.

சாப்பாட்டுக்குப் பிறகு அதே பயிற்சி. நண்பர் வேலியோரம் போய் நின்றுகொண்டார். முதல் முறை கால் பின்னவில்லை. இரண்டாம் முறையும் இல்லை. மூன்றாவதில் இடுப்பு மேலே எழுந்துவிட்டது. யாரும் எதுவும் சொல்லும் முன் பையன் தானே தலையை ஆட்டிக்கொண்டு திரும்பிப் போய் வரிசையில் நின்றான். ஓய்வுபெற்ற மனிதர் சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து எதையோ எழுதினார்.

பழகாதவனும் திறமையில்லாதவனும் அரங்கின் படிக்கட்டிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருப்பார்கள். காலையில் சொன்னது மாலையில் அவனிடம் இருக்கிறதா என்று பார்க்காமல் பிரித்தறிய வழியில்லை.

இந்தக் கணிப்பு பலிக்கிறதா என்று கேட்பீர்கள். தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் என்.எஃப்.எல். டிராஃப்டில், 2013-இல் முதலில் எடுக்கப்பட்ட ஐவரைப் பாருங்கள். முதலாமவர் எரிக் ஃபிஷர், பள்ளியில் ஐந்துக்கு இரண்டே நட்சத்திர மதிப்பீடு பெற்று சென்ட்ரல் மிச்சிகனுக்குப் போனவர். நான்காமவர் லேன் ஜான்சன் உங்கள் மாநிலத்துக்காரர்; குரோவ்டன் என்ற சிற்றூர்ப் பள்ளியில் குவாட்டர்பேக், கில்கோர் இருவருடக் கல்லூரியிலும் குவாட்டர்பேக். ஓக்லஹோமா போன பிறகு, தடுப்பதும் பந்தைப் பிடிப்பதுமான டைட் எண்ட், பிறகு தற்காப்பு வரிசை, கடைசியில் டேக்கிள். ஐந்தாமவர் ஸிகி ஆன்ஸா கானாவிலிருந்து பிரிகம் யங் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்தவர். கூடைப்பந்து அணியில் இடம் கிடைக்காமல், தடகளத்தில் ஓடி, 2010-இல்தான் முதன்முதலாகக் கால்பந்துக்கு வந்தார். நடுவிலுள்ள இருவர் கதை வேறு. மூன்றாமவர் டியான் ஜோர்டன், டைட் எண்டாக ஓரிகனுக்குப் போய்த் தற்காப்புக்கு மாறியவர், எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. இரண்டாமவர் லூக் ஜோக்கல் உங்களுக்கு அடுத்த ஆர்லிங்டனில் படித்தவர், பள்ளியிலேயே நான்கு நட்சத்திரம், ஐவரில் ஆரம்பம் முதலே நன்றாகத் தேர்ந்தவர் என்று சொல்லத்தக்கவர். ஐந்து பருவங்களில் அவர் ஆட்டவாழ்வு முடிந்துவிட்டது.

இதை வைத்து எதையும் நிறுவ முடியாது. வென்றவர்கள் பெயர்தான் எனக்கும் உங்களுக்கும் தெரியும். அயோவாவில் நான் இருந்த ஊரிலிருந்து ஆறடி ஆறங்குலப் பையன் ஒருவன் இதே நம்பிக்கையில் எடுத்துக்கொள்ளப்பட்டான். கால், கை எல்லாம் இருந்தது. ஒவ்வொரு முறையும் இன்னொரு உடம்பின்மேல் போய் மோதுவதை அவன் வெறுத்தான் என்பதை இரண்டு ஆண்டுகள் யாரும் கவனிக்கவில்லை, அவனும் சொல்லவில்லை. இப்போது தானியக் கிடங்கில் வேலை பார்க்கிறான், நன்றாக இருக்கிறான். நண்பர் அவனைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரலைத் தாழ்த்துவார்.

ஓடுகிற பையனைப் பற்றிய உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஐந்தடி எட்டங்குலத்தைப் பார்த்துவிட்டு இவனிடம் இனி வளர என்ன இருக்கிறது என்று கணக்கை மூடிவிடுகிறார்கள். இந்தச் சோம்பல் பலமுறை அவமானப்பட்டும் திருந்தவில்லை. கன்ஸஸின் விச்சிட்டாவைச் சேர்ந்த பேரி சாண்டர்ஸும் அதே ஐந்தடி எட்டுதான். அழைத்தவர்கள் மிகச் சிலர். ஓக்லஹோமா ஸ்டேட்டுக்குப் போனார். 1988-இல் ஒரே பருவத்தில் 2,628 கெஜம் ஓடி, கல்லூரிக் கால்பந்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கினார். உங்கள் பையன் சாண்டர்ஸ் என்று சொல்லவில்லை. பள்ளியில் குவித்த கெஜங்களை வந்து பார்க்கிறவர்கள் நம்ப மாட்டார்கள், எதிரே நின்றவர்கள் யார் என்று கேட்பார்கள். நூறு மீட்டரில் மின்னணுக் கடிகாரம் காட்டிய நேரம் ஒன்று இருந்தால் அதை நம்புவார்கள். வசந்த காலத்தில் அவன் தடகளத்தில் ஓடுகிறானா? இல்லையென்றால் யாராவது அவன் அப்பாவிடம் சொல்லுங்கள். அடுத்த தட்டிலுள்ள இரண்டாம் பிரிவுக் கல்லூரிகளும், கில்கோர் போன்ற இருவருடக் கல்லூரிகளும் இருக்கின்றன. இன்று பஃபலோ தொழில்முறை அணியின் குவாட்டர்பேக்கான ஜாஷ் ஆலன், முதல் பிரிவின் மேல்தட்டில் ஒருவரும் கேட்காததால், கலிஃபோர்னியாவின் ரீட்லி என்ற இருவருடக் கல்லூரியில்தான் தொடங்கினார்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்று என்னைக் கவலைப்படுத்துகிறது. பழகாத பையனை எடுப்பது என்றால் காத்திருப்பது என்று பொருள். முதல் ஆண்டு ‘ரெட்ஷர்ட்’ என்று ஆட்டத்துக்கு அனுப்பாமல் உட்காரவைத்து உடம்பை ஏற்றுவார்கள். மூன்றாம் ஆண்டில்தான் ஆள் தயாராவான். 2018-இல், வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் பதியும் ‘டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்’ வந்தது. 2021-இலிருந்து ஒரு வருடம் சும்மா உட்காராமலேயே வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய் ஆடலாம் என்றானது. அதே ஆண்டு ஜூலையில் ஆட்டக்காரர்கள் தம் பெயரை வைத்துச் சம்பாதிக்க அனுமதி கிடைத்தது. 2025 முதல் பல்கலைக்கழகமே நேரடியாகப் பணம் தரலாம். மாணவர்களுக்கு இது வரவேண்டிய பணம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் வேறெங்கோ இரண்டு பருவம் ஆடித் தேர்ந்த இருபத்திரண்டு வயதுக்காரன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, பதினேழு வயதுப் பையனின் பாதத்தை மண்டியிட்டு நகர்த்த எந்தப் பயிற்சியாளருக்குப் பொறுமை இருக்கும்? அப்படியே உருவாக்கினாலும் பெரிய இடம் வந்து கொத்திக்கொண்டு போய்விடும். நண்பர் புலம்புவதை நம் பக்கத்து வார்த்தையில் சொன்னால், நாற்று விட்டவன் ஒருவன், அறுப்பவன் இன்னொருவன்.

ஆகவே உங்கள் தெருப் பையனின் பெற்றோரோடு நீங்கள் பேசுகிறவரானால், அணியின் பெருமையை விட்டுவிட்டு முன்வரிசைப் பயிற்சியாளரைப் பற்றி விசாரிக்கச் சொல்லுங்கள். எத்தனை ஆண்டாக அங்கே இருக்கிறார், இதற்கு முன் இப்படி வந்த பையன்கள் அவரிடம் என்ன ஆனார்கள், எத்தனை பேர் நான்காம் ஆண்டில் அங்கேயே இருந்தார்கள். இப்போது சொல்லியிருப்பது வாய்வார்த்தை. டிசம்பரில் கையெழுத்தாகும் வரை அதற்குப் பிடிமானம் கிடையாது. நவம்பரில் தலைமைப் பயிற்சியாளரை நீக்கிவிட்டால் வார்த்தையும் அவரோடு போய்விடலாம்.

வருகிற வெள்ளிக்கிழமை பந்தை விட்டுவிட்டு அவன் கால்களை மட்டும் பாருங்கள். முதல் கால்பகுதியில் செய்த தவறை நான்காவதிலும் செய்கிறானா என்று குறித்துக்கொள்ளுங்கள். இடைவேளையில் நோட்டை மூடிவைத்துவிட்டுக் கிளாரினெட்டைக் கேளுங்கள். அவன் பிறந்த மாதம் தெரிந்தால் எழுதுங்கள், நண்பர் கேட்பார்.